ஒளியும் செப்பு உப்பும்: கீர்த்தி தென்னக்கோனின் சூரிய மின்கல ஆய்வும் அதற்குரிய மதிப்பும்

அறிஞரைப் பாராட்டுதல் தமிழர் சமுதாயத்தின் நெடுநாள் வழக்கு. கொழும்பு மாநகரில் இவ்வழக்கு வேரூன்றுவதற்குச் சில நிறுவனங்கள் துணைநின்றன. 1902ஆம் ஆண்டிலே தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனைப் பகுதியிலே சமயத்தையும் கல்வியையும் பேணிற்று. 1942ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலே தனக்கென மண்டபமும் நூலகமும் அமைத்துக்கொண்டது. இவ்விரு பகுதிகளிலும் புலவருக்கும் நாவலருக்கும் இசைவாணருக்கும் பொன்னாடை போர்த்தப்பெற்ற மாலைப்பொழுதுகள் பல. ஆயின், ஆய்வுகூடத்திலே தம் வாழ்நாளைச் செலவிட்ட விஞ்ஞானிக்கு அத்தகைய மாலைப்பொழுது அரிதாகவே வாய்த்துள்ளது.

இதற்குக் காரணம் வன்மம் அன்று. கவிஞனின் சிறப்பை அவன் கவிதையைக் கேட்ட அவையே உணர்ந்துகொள்ளும். கண்ணாடித் தகடொன்றின்மேற் படிந்த செப்பு உப்பின் மெல்லிய படலம் எத்துணைச் சிறப்புடையது என்பதை எந்த அவையும் கேட்டறிதல் இயலாது. அதனை விளக்குவார் வேண்டும். விளக்கம் இல்லாதவிடத்துப் பாராட்டு வெறும் உபசாரமாகிவிடுகின்றது. அன்றேல், பாராட்டே இல்லாது போய்விடுகின்றது. ஆகவே, விஞ்ஞானி ஒருவரை மதித்தல் என்பது யாது என்ற வினா ஆராயற்பாலது. அவ்வினாவுக்கு விடைகாண்பதற்கு ஏற்ற சான்றாக அமைவது, சூரிய மின்கலத்துக்குரிய புதிய பொருள்களை ஆராய்ந்த இலங்கைப் பௌதிகவியலாளர் கீர்த்தி தென்னக்கோனின் பணியாகும்.

ஒளி மின்னாதல்

அப்பணியின் இடத்தை உணர்வதற்கு, அதற்கு முந்திய வரலாற்றைச் சுருங்க நோக்குதல் வேண்டும். 1839ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரெல், கரைசலொன்றில் அமிழ்ந்திருந்த மின்வாய்களின்மீது ஒளி வீழ்ந்தபோது மின்னோட்டம் தோன்றுவதைக் கண்டார். ஒளி, சக்திப் பொட்டணங்களாக வந்து இலத்திரன்களை வெளியேற்றுகின்றது என்னும் விளக்கத்தை ஐன்ஸ்ரைன் 1905இல் அளித்தார். 1921ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது பெயர் சுட்டிக் கூறப்பட்டது இவ்வொளிமின் விளைவின் விதியே. அவரை உலகறியச் செய்த சார்புக் கொள்கை அன்று. புகழ் ஓரிடத்திலும் பரிசு வேறோரிடத்திலும் சென்றடைவது விஞ்ஞான வரலாற்றில் புதியதன்று என்பதற்கு இதுவே தக்க சான்று.

நடைமுறைக்கு உதவும் சூரிய மின்கலம் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே தோன்றியது. சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் ஆக்கிய சிலிக்கன் கலம், தன்மேல் வீழ்ந்த ஒளிச்சக்தியில் ஏறத்தாழ 6 சதவீதத்தை மின்னாக மாற்றிற்று. நான்காண்டுகளின் பின்னர் அத்தகைய கலங்கள் வான்கார்ட் என்னும் செய்மதியிலே விண்ணுக்குச் சென்றன. விண்ணுக்குச் செல்ல முடிந்த கலம் குடியானவனின் கூரைக்கு வரமுடியாதிருந்தது. காரணம் அதன் விலை. சிலிக்கன் மணலிலிருந்து பெறப்படுவதாயினும், அதனை 1400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் உருக்கி, மிகமிகத் தூய பளிங்காக வளர்த்தல் வேண்டும். அக்கலத்தில் ஒளியை உறிஞ்சுவதும் இலத்திரனைக் கொண்டுசெல்வதும் ஒரே பொருள். வழியில் உள்ள சிறு மாசும் இலத்திரனைப் பிடித்துக்கொள்ளும். தூய்மையே அதன் உயிர். தூய்மையே அதன் விலையும் ஆயிற்று.

இவ்விடர்ப்பாட்டுக்கு மாற்றுவழி ஒன்று 1991இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து வந்தது. பிரயன் ஓ'றீகன், மைக்கேல் கிறெற்சல் ஆகிய இருவர், ஒரு பொருளின் தலைமேலிருந்த சுமையை மூன்று பொருள்களுக்குப் பகிர்ந்தளித்தனர். சாயம் ஒளியை உறிஞ்சும். தைத்தானியமீரொட்சைட்டின் நுண்துளைப் படலம் சாயத்திடமிருந்து இலத்திரனைப் பெற்றுச் செல்லும். இடையிலுள்ள அயடைட்டுக் கரைசல், இழந்த இலத்திரனைச் சாயத்துக்கு மீள வழங்கும். வேலை பகிரப்பட்டமையால் மிகுதூய்மை வேண்டப்படவில்லை. அக்கலத்தின் வினைத்திறன் 7 சதவீதத்தைக் கடந்திருந்தது. ஆயின் குறையொன்றும் இருந்தது. கரைசல் திரவமாதலின் ஒழுகும்; வெப்பத்தில் ஆவியாகும்; அடைப்பையும் அரிக்கும். திரவத்தின் இடத்தைத் திண்மம் ஒன்று ஏற்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. எந்தத் திண்மம் என்பதே வினா.

மாத்தறையும் கண்டியும்

இவ்வினா உலகின்முன் எழுவதற்குப் பல்லாண்டு முன்னரே அதனைச் சார்ந்த பொருள்களோடு பழகிக்கொண்டிருந்தவர் தென்னக்கோன். அவர் தொடக்கத்தில் கோட்பாட்டுப் பௌதிகவியலாளர். சந்தீப் பக்வாசாவுடன் இணைந்து, நியூத்திரினோவுக்குத் திணிவு இருப்பின் யாது நிகழும் என்பதை ஆராய்ந்து 1972இல் கட்டுரை வெளியிட்டவர். நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டு என்பதைக் காட்டிய பரிசோதனைகளுக்கு நோபெல் பரிசு கிட்டியது 2015இலாகும். இத்தகைய நுண்ணிய கொள்கையாராய்ச்சியில் நின்றவர் செப்பு உப்புக்கும் சாயத்துக்கும் திரும்பியது கவனிக்கற்பாலது. இலங்கை போன்ற நாட்டிலே கோடிக்கணக்கான பொருட்செலவில் துகள்முடுக்கிகளை அமைத்தல் இயலாது. ஆனால், வெயில் உண்டு, சாயம் உண்டு, கண்ணாடித் தகட்டின்மேற் படலம் இடுவதற்கு வேண்டிய எளிய கருவிகளும் உண்டு. கைக்கெட்டிய பொருளைக்கொண்டு உலகத்தரமான வினாவை எழுப்புதல் இயலும் என்பதை அவர் தேர்ந்த துறையே உணர்த்திற்று.

மாத்தறையில் அமைந்த உறுகுணைப் பல்கலைக்கழகத்திலே பௌதிகவியற் பேராசிரியராக அவர் பணியாற்றினார். செப்புத் தயோசயனேற்று என்னும் குறைகடத்தியைச் சாயத்தினால் ஒளியுணர்வுடையதாக்குதல் பற்றி அவரும் அவருடைய மாணவரும் எழுதிய கட்டுரை 1984இல் வெளியாயிற்று. லோசான் கலத்துக்கு இது 7 ஆண்டுகள் முற்பட்டது. பின்னர் அவர் அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்திற் சேர்ந்தார். 1981இல் பாராளுமன்றச் சட்டத்தின்மூலம் கொழும்பிலே தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், 1985இல் கண்டியின் அந்தானை மலைச்சாரலுக்கு இடம்பெயர்ந்தது. அதன் பணிப்பாளராகவும் அவர் பிற்காலத்தில் விளங்கினார்.

1995ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து வெளிவந்த கட்டுரையே இவ்வரலாற்றின் நடுப்புள்ளி எனலாம். தென்னக்கோன், குமார, குமாரசிங்க, விஜயந்த, சிறிமான்ன ஆகிய ஐவர் அதன் ஆசிரியர். திரவத்தை முற்றாக நீக்கி, அதன் இடத்திலே செப்பு அயடைட்டை அவர்கள் வைத்தனர். அப்பொருளைத் தேர்ந்தமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. சாயத்துக்குச் செல்லும் ஒளியை மறைக்காத அளவுக்கு அது ஒளிபுகவிடும். நேரேற்றத் துளைகளைக் கடத்தும். அசற்றோநைத்திரைல் என்னும் கரைப்பானிற் கரையும்; ஆதலால், சாயமூட்டிய படலத்தை மெல்லச் சூடாக்கி அதன்மேற் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இட்டால், கரைப்பான் ஆவியாக, உப்பு நுண்துளைகளுட் படியும். உயர்வெற்றிட அறையோ விலையுயர்ந்த இயந்திரமோ இம்முறைக்கு வேண்டப்படவில்லை.

சாயமும் அவ்வாறே எளியது. பூக்களின் செந்நிறத்துக்குக் காரணமான சயனிடினை அவர்கள் கையாண்டனர். இலங்கையின் வீட்டு முற்றங்களிற் பூக்கும் செவ்வரத்தையிலும் இவ்வினத்து நிறப்பொருளே உண்டு. செஞ்சந்தன மரத்திலிருந்து பெறப்படும் சந்தலின் என்னும் சாயத்தையும் அவர்கள் 1998இல் ஆராய்ந்தனர். வழிபாட்டுக்கும் மருந்துக்கும் வழங்கிவந்த மரம், குறைகடத்தியின் துணைப்பொருளாக ஆராயப்பட்டது என்பது சுவைக்கத்தக்க செய்தி.

தொடக்கக் கலத்தின் வினைத்திறன் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவையொட்டியதே. ஆயினும் 1998இல், உருத்தேனியச் சாயத்தைப் பயன்படுத்தியபோது ஏறத்தாழ 6 சதவீதம் பெறப்பட்டதாகக் கண்டிக் குழுவினர் அறிவித்தனர். அதே ஆண்டில் லோசான் குழுவினர் சேதனத் திண்மம் ஒன்றைக் கொண்டு ஆக்கிய கலம் 1 சதவீதத்தையும் எட்டவில்லை. 1999இல் மற்றொரு கட்டுரையில், வெள்ளீயவொட்சைட்டும் நாகவொட்சைட்டும் கலந்த படலம் தனித்தனிப் படலங்களினும் மேலான பயன் தருவதைத் தென்னக்கோன் குழுவினர் காட்டினர். தைத்தானியமீரொட்சைட்டே ஏற்றது என்று உலகு நம்பியிருந்த வேளையில், வேறு வழியும் உண்டு என அது உணர்த்திற்று.

குறையும் அதன் பயனும்

வெற்றியை மாத்திரம் கூறும் வரலாறு அரைவரலாறே. செப்பு அயடைட்டுக் கலத்துக்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. ஆக்கப்பட்ட நாளில் நன்கு இயங்கிய கலம் சிறிது காலத்தில் வலுவிழந்தது. காரணம் ஆராயப்பட்டபோது, செப்பு அயடைட்டின் பளிங்குகள் அளவுமீறி வளர்வதே அடிப்படை எனத் தெரியவந்தது. பருத்த பளிங்கு நுண்துளைக்குட் புகுவதில்லை. புகுந்ததும் சாயத்தோடு ஒட்டிநிற்பதில்லை.

இக்குறையை மறைக்காது ஆராய்ந்தமையே அவர்தம் பணியின் பெருமையாகும். கண்டியிலிருந்து யப்பானின் சிசுவோக்காப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற குமாரவும் அங்கிருந்த கொன்னோவும் தென்னக்கோனுடன் சேர்ந்து, தயோசயனேற்று அயனைக் கொண்ட சேர்வையொன்றைச் சிறிதளவு கரைசலிற் சேர்த்தால் பளிங்கின் வளர்ச்சி தடைப்படும் என்பதை 2002இல் வெளியிட்டனர். சிறு பளிங்குகள் துளைகளை நிறைத்தன. கலத்தின் நிலைபேறும் உயர்ந்தது. குறை முற்றாக நீங்கிவிட்டது எனக் கூறுதல் பொருந்தாது. ஆயின், படலத்தின் வினைத்திறனைப் போலவே பளிங்கின் வளர்ச்சியையும் கட்டுப்படுத்தல் வேண்டும் என்ற பாடம் அத்துறைக்குக் கிடைத்தது.

உலகம் மதித்த முறை

சாயக் கலத்துக்காகக் கிறெற்சலுக்கு 2010இல் பின்லாந்தின் மிலேனியம் தொழினுட்பப் பரிசு வழங்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்னர், யப்பானில் மியாசாக்கா குழுவினர் சாயத்தின் இடத்திலே பெரொவ்ஸ்கைற்று அமைப்புடைய ஈய உப்பு ஒன்றை வைத்து 3.8 சதவீத வினைத்திறன் பெற்றிருந்தனர். அக்கலத்தை அழித்தது எது என்பதே இங்கு நோக்கற்பாலது. கலத்திலிருந்த திரவம் அவ்வுப்பையே கரைத்துவிட்டது. 2012இல் கொரியாவில் பார்க்கும் பிரித்தானியாவில் சினைத்தும் தனித்தனியே தத்தம் குழுவினருடன் திரவத்தை அகற்றித் திண்மத்தை வைத்தபோது, வினைத்திறன் 10 சதவீதத்தை அண்மித்தும் கடந்தும் சென்றது. இன்று அத்தகைய கலங்கள் ஆய்வுகூட அளவில் 26 சதவீதத்தைக் கடந்துள்ளன. சிலிக்கனுடன் அடுக்கப்பட்டவை 34 சதவீதத்தையும் கடந்துள்ளன. மியாசாக்கா, பார்க், சினைத் ஆகிய மூவரும் 2017இல் நோபெல் பரிசுக்குரிய தகுதியுடையோராகக் கிளாறிவேற் நிறுவனத்தினராற் சுட்டப்பெற்றனர்.

இப்பட்டியல்களிலே தென்னக்கோனின் பெயர் இல்லை. ஆனால், அவர் கையாண்ட பொருள்களின் பெயர்கள் அத்துறையின் பிந்திய வரலாற்றிலே மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. 2014இல் அமெரிக்காவில் கமத்தும் அவருடன் சேர்ந்தோரும் பெரொவ்ஸ்கைற்றுக் கலத்திலே விலையுயர்ந்த சேதனத் திண்மத்துக்குப் பதிலாகச் செப்பு அயடைட்டை வைத்தனர். 2017இல் லோசான் குழுவினரே செப்புத் தயோசயனேற்றை வைத்து, நிலைத்த வினைத்திறன் 20 சதவீதத்துக்கு மேற்படுவதைக் காட்டினர். வெள்ளீயவொட்சைட்டு இன்று அவ்வகைக் கலங்களில் இலத்திரனைச் சேகரிக்கும் பொருளாகப் பெருவழக்குப் பெற்றுள்ளது. மாத்தறையிலும் கண்டியிலும் 1984, 1995, 1999 ஆகிய ஆண்டுகளில் ஆராயப்பட்ட மூன்று பொருள்களும் உலகின் புதிய கலத்துக்குள் இவ்வாறு இடம்பெற்றன.

இங்கு வரலாற்றாசிரியர் இரண்டு மிகைகளைத் தவிர்த்தல் வேண்டும். ஒன்று தற்பெருமை. "பெரொவ்ஸ்கைற்றுக் கலம் இலங்கையிற் பிறந்தது" என்று கூறுதல் உண்மையன்று. திண்மநிலைச் சாயக் கலத்தைத் தேடியோர் வேறு நாடுகளிலும் இருந்தனர். செப்புத் தயோசயனேற்றை ஓ'றீகனும் சுவாட்சும் 1990களில் தனியே ஆராய்ந்தனர். ஒரே வினா பல இடங்களிற் பலரை எழுப்பும் என்பது விஞ்ஞானத்தின் இயல்பு. மற்றொன்று மறதி. உலகப் பரிசுகளின் பட்டியலில் இல்லாத பணி பணியே அன்று என்று கருதுதல், தம் நாட்டவர் ஆற்றியதைப் பிறர் சான்று தந்தாலன்றிக் காணமறுக்கும் மனநிலையின் வெளிப்பாடு. தென்னக்கோன் குழுவினர் செய்தது முழுவீட்டையும் கட்டியதன்று. வீட்டுக்கு வேண்டிய கற்களுட் சிலவற்றைத் தட்டிப்பார்த்து, இவை சுமைதாங்கும் என்று முற்படக் கூறியதாகும். அதனைக் குறைத்தலும் கூட்டலும் ஒருங்கே பிழையாம்.

கைகளின் வரலாறு

விஞ்ஞானியை மதிக்கும்போது ஒருவரையே மேடையேற்றுதல் வழக்கம். ஆய்வுக் கட்டுரைகளின் முகப்போ வேறு கதையைக் கூறுகின்றது. 1995ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஆசிரியர் ஐவர். 1984ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அதனினும் மிகுந்தோர். அவர்களுட் பலர் அப்போது இளம் மாணவர். படலம் இட்டவரும் அளவீடு எடுத்தவரும் அவர்களே. அவர்களுட் சிலர் யப்பானுக்கும் பிரித்தானியாவுக்கும் சென்று அங்குள்ள ஆய்வுகூடங்களை வளப்படுத்தினர். சென்றமைக்காக அவர்களைக் குறைகூறல் தகாது. ஆயின், பயிற்சிபெற்ற கைகளை இருத்திவைக்கும் ஆய்வுகூடமும் பொருளுதவியும் இல்லாத நாடு, பயிரை வளர்த்து அறுவடையைப் பிறர்க்கு விடும் நாடாகும் என்பதை மறுத்தலும் அரிது.

திரும்பியோரும் உளர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் பேராசிரியர் பு. ரவிராஜன் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலே ஜெனி நெல்சன் குழுவில் ஆய்வு மேற்கொண்டவர். மின்கடத்தும் பல்பகுதியத்தையும் உலோகவொட்சைட்டையும் இணைத்த கலப்பினக் கலங்கள் அவருடைய துறை. செங்குத்தாக வளர்ந்த நாகவொட்சைட்டு நுண்கோல்களின் இடையே பல்பகுதியத்தை நிரப்பிய கலம்பற்றி அவர் முதலாசிரியராக எழுதிய கட்டுரை 2006இல் வெளிவந்தது; கிறெற்சலும் நெல்சனும் அதன் இணையாசிரியருள் அடங்குவர். அதே 2006இலேயே குடாநாட்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலை மூடப்பட்டு, எரிபொருளும் மின்சாரமும் அரிதாயின. அத்தகைய நெருக்கடிகளைக் கண்ட யாழ்ப்பாணத்திலே அவர் இத்துறையை வேரூன்றச் செய்தார். நோர்வேயின் பேர்கன் நகரிற் பணியாற்றும் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையின் முயற்சியால் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தோடும் பேராதனையோடும் யாழ்ப்பாணத்துக்கு ஆய்வுத் தொடர்பு ஏற்பட்டது. பேராதனையிலும் கண்டியிலும் திசாநாயக்க குழுவினர் திரவத்துக்கும் திண்மத்துக்கும் இடைப்பட்ட கூழ்நிலை மின்பகுபொருள்களை ஆராய்ந்தனர்.

மாத்தறை, கண்டி, பேராதனை, யாழ்ப்பாணம் என இவ்வரலாறு நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிவரை நீள்கின்றது. நாடு இரண்டுபட்டு நின்ற ஆண்டுகளிலே இத்துறையினர் ஒரே நுண்துளைப் படலத்தைப் பற்றி எழுதினர். ஒருவர் கட்டுரையை மற்றவர் மேற்கோள் காட்டினர். ஆகவே, சிங்களப் பெயர் கொண்ட விஞ்ஞானியைத் தமிழ் மன்றம் மதிப்பதும், தமிழ்ப் பெயர் கொண்டவரைச் சிங்கள மன்றம் மதிப்பதும் பெருந்தன்மையின் செயல்களல்ல. ஆய்வின் உண்மை வரலாற்றை உள்ளவாறு ஏற்றுக்கொள்ளும் செயல்களாம்.

கொழும்பின் கூரைகள்

இவ்வாய்வு கொழும்பு மாந்தருக்கு யாது பயன் தரும் என்ற வினா எழுதல் இயல்பு. மின்சார வரலாற்றில் இந்நாடு அறிஞரின் சொல்லைக் காலந்தாழ்த்திக் கேட்டதற்கு முன்னுதாரணம் உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின்முன் வாசித்த கட்டுரையிலே, மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். லக்சபானவிலிருந்து மின்சாரம் வந்தது 1950இல். 1953இல் அவர் மறைந்தார். நோட்டன் பாலத்தருகே பின்னர் எழுந்த மின்னிலையத்துக்கு அவர் பெயர் இடப்பட்டது. பெயரிடுதல் நல்ல மதிப்பே; ஆயினும் அவருக்கு உரியதாயிருந்த உண்மையான மதிப்பு, 1918இல் அவர் கூறியதைக் காலத்திலே கேட்டிருத்தலாகும்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் மின்தூக்கிகள் நின்றன; நீரேற்றும் இயந்திரங்கள் ஓய்ந்தன; முதியோர் மாடிகளிலேயே தங்கினர். கொட்டாஞ்சேனையின் சிறுகடைகளிற் குளிர்பெட்டிகள் அணைந்தன. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுதிரியை நாடினர். எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாத நிலையே அதற்கு முதற்காரணம். அந்நாள்களிலும் கொழும்பின்மேல் வெயில் குறைவின்றி வீழ்ந்தது. வட அகலக்கோடு 7 பாகையை ஒட்டி அமைந்த இந்நகருக்கு ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் கதிரவன் நேர் உச்சியில் நிற்பான்.

கூரைமேற் சூரிய மின்சாரத்தை ஊக்குவிக்கும் அரச திட்டம் 2016இல் தொடங்கியது. தனிவீடுகள் அதனாற் பயன்பெற்றன. ஆனால், தொடர்மாடியில் வாழும் ஐம்பது குடும்பங்களுக்கு உள்ள கூரை ஒன்றே. அதிலும் நீர்த்தாங்கிகள் இடம்பிடித்துள்ளன. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் நெருங்கி நிற்கும் வீடுகளின் பழைய தகரக் கூரைகள் பாரமான சிலிக்கன் பலகைகளைத் தாங்கவல்லனவோ என்பது ஐயம். ஒரு சதுர மீற்றரிற் கூடுதலான மின்சாரம் தரும் கலமும், சுவரிலும் சாளரத்திலும் பொருத்தத்தக்க மெல்லிய கலமும், முகில் மூடிய நாளின் சிதறிய ஒளியிலும் இயங்கும் கலமும் இப்பகுதிகளுக்கு வேண்டப்படுகின்றன. சாயக் கலம் மங்கிய ஒளியிலே ஒப்பளவில் நன்கு இயங்குவது. பெரொவ்ஸ்கைற்று மெல்லிய படலமாக இடத்தக்கது. அதேவேளை, பெரொவ்ஸ்கைற்று ஈரத்தில் அழியும். அதில் ஈயமும் உண்டு. கடற்காற்றும் ஈரப்பதனும் மிகுந்த கொழும்பிலே அது எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதைச் சுவிற்சர்லாந்திலோ கொரியாவிலோ இருந்து கூறிவிட முடியாது. அது இந்நாட்டிலே அளந்தறியப்பட வேண்டும். கண்டியில் தொடங்கிய நிலைபேற்று ஆராய்ச்சியின் தேவை இன்னும் தீர்ந்துவிடவில்லை என்பதையே இது காட்டுகின்றது.

மதிப்பின் இலக்கணம்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, விஞ்ஞானிக்குரிய மதிப்பு மூன்று நிலைகளை உடையது எனலாம். முதலாவது, அவர் செய்ததை விளங்கிக்கொள்ளுதல். இரண்டாவது, அதனை மீளச்செய்து பார்த்துக் குறைகண்டவிடத்துத் திருத்துதல். மூன்றாவது, அதனைத் தொடரும் இளையோருக்கு இடமும் பொருளும் காலமும் அளித்தல். பொன்னாடையும் நினைவுப் பரிசும் இம்மூன்றுக்கும் வாயிலாக அமையும்போது பொருளுடையன. இவற்றுக்கு மாற்றாக அமையும்போது பொருளற்றன.

முதல் நிலையிலே தமிழ் மன்றங்களுக்குச் சிறப்பான கடமை உண்டு. விளங்கிக்கொள்ளுதல் மொழியினூடாகவே நிகழும். இதற்கு வழிகாட்டி அயலில் இல்லை. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற சுவாமி விபுலானந்தர், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றவர். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்தவர். சென்னை மாகாணத் தமிழர் சங்கம் 1938இல் வெளியிட்ட கலைச்சொற்றொகுதியின் ஆக்கத்திலே தலைமைப்பங்கு கொண்டவர். இலக்கியமும் இரசாயனமும் ஒரே மேடைக்குரியன என்பதை அவர் வாழ்வே காட்டிற்று. அவர் வழிவந்தோர் ஆக்கிய சொற்களாலேயே இலத்திரனும் குறைகடத்தியும் இன்று தமிழ் மாணவரின் புத்தகத்தில் உள்ளன. அப்புத்தகத்தைப் படிக்கும் கொட்டாஞ்சேனை மாணவனும் வெள்ளவத்தை மாணவியும், அதிற் கூறப்பட்ட குறைகடத்தியைத் தம் நாட்டார் சிலர் மாத்தறையிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் கையால் ஆக்கிப் பார்த்தனர் என்பதையும் அறிதல் வேண்டும்.

தென்னக்கோன் குழுவினரின் கட்டுரைகள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றின் சாரத்தைத் தமிழில் எழுதுதல், இலங்கைச் சூரிய மின்கல ஆய்வின் ஆவணங்களை வெள்ளவத்தை நூலகத்திலே தொகுத்துவைத்தல், ஆண்டுக்கொருமுறையேனும் ஆய்வாளர் ஒருவரை மாணவர்முன் பேசச்செய்தல் ஆகியன பெரும் பொருட்செலவு வேண்டாத பணிகள். 1995இல் கண்ணாடித் தகட்டின்மேற் சொட்டுச் சொட்டாக இடப்பட்ட அச்செப்பு உப்பைப் பற்றி மாணவர் ஒருவர் அறிந்து, "அது ஏன் வலுவிழந்தது?" என்று வினவி, மீண்டும் ஒருமுறை செய்துபார்க்க முற்படுவாராயின், அதுவே அவ்வாய்வாளர் அனைவருக்கும் உரிய மதிப்பாகும்.